எங்களுக்குப் பிட் ஸ்டொப் இல்லை

கார் பைத்தியம் பிடித்த பெடியள் நாலு பேர் கூடினால் ரயர் கதை வராமல் போகாது. கேள்வி எப்பவும் ஒண்டுதான்: "மச்சான், எந்த ரயருக்கு நல்ல கிறிப்?" பதில்களும் தயாரா இருக்கும். மிச்செலின் பைலட் ஸ்போர்ட், பிரெல்லி பி ஸீரோ, யொகொஹாமா அட்வான், பிரிஜ்ஸ்ரோன் பொட்டென்ஸா. யூரியூப்பில் பார்த்த ஒரு லாப் நேரத்தை ஒருத்தன் சொல்லுவான், இன்னொருத்தன் மறுப்பான், தேத்தண்ணி ஆறிப்போகும். அந்தச் சண்டையில் ஒரு பாதி எப்பவும் விடுபட்டுப் போகிறது. எந்த ரோட்டில் கிறிப்? காய்ந்த ரோட்டிலா, நனைந்த ரோட்டிலா?

என்ர வாதம் சின்னது. காய்ந்த வீதியில் ஒரு ரயர் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைப் பார்த்து வாங்காதீங்கோ. நனைந்த வீதியில் அது என்ன செய்யும் என்பதைப் பாருங்கோ. காய்ந்த வீதியின் கெட்டித்தனம் பெரும்பாலும் எங்களுக்குப் பயன்படாமலே தேய்ந்து போகும். நனைந்த வீதியின் பலவீனம் ஒரே ஒரு பின்னேரத்தில் முழுக்கணக்கையும் கேட்கும்.

கலைப்பீடத்தில் படிக்கிற உனக்கு ரயர் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ரயருக்கு முன்னால் ரோட்டைக் கடக்கிற ஆக்களில் கலைப்பீடத்து ஆக்களும் இருக்கினம். அதனால் இந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருந்து தொடங்குவம். 2021 செப்டெம்பர், ரஷ்யாவின் சோச்சியில் போர்மியுலா 1 போட்டி. லாண்டோ நொரிஸ் தன் வாழ்க்கையின் முதலாவது வெற்றியை நோக்கி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். முடிய இன்னும் சில சுற்றுகள்தான். மழை தொடங்குகிறது. பின்னால் வந்த லூயிஸ் ஹமில்டனை அவருடைய அணி உள்ளே கூப்பிடுகிறது. முதல் தடவை கூப்பிட்டபோது அவரும் வரவில்லை, அடுத்த தடவை வந்து மழை ரயரை மாற்றிக்கொண்டார். நொரிஸ் மறுத்துவிட்டு உலர் ரயரிலேயே நின்றார். மழை வலுத்தது. உலகத்தின் மிகத் திறமையான ஓட்டுநர்களில் ஒருவர், உலகத்தின் மிக வேகமான கார்களில் ஒன்றில், பாதையை விட்டு வழுக்கிக்கொண்டு போனார். கடைசியில் ஏழாவது இடம். ஹமில்டனுக்கு அது 100வது வெற்றி.

அந்தப் பத்து நிமிடத்தில் நொரிஸின் திறமை குறையவில்லை. காரின் எஞ்சினும் மாறவில்லை. ரயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணி வந்தது, அவ்வளவுதான்.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் எண்டு விளங்க, ரயரின் வேலையைக் கொஞ்சம் பார்க்கவேணும். ஒரு காரின் ஒவ்வொரு ரயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கையில்தான் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட வாகனமும் அதற்குள் இருக்கிற குடும்பமும் தொங்குகின்றன. திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நாலு இடத்தில்தான் நடக்கிறது.

காய்ந்த ரோட்டில் அந்த இடத்தில் எவ்வளவு கூட இறப்பர் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதனால்தான் போட்டிக் காரின் உலர் ரயர் மொட்டையாக இருக்கிறது. ரயரில் இருக்கிற தவாளிப்பு உராய்வைக் கூட்டும் எண்டுதான் எங்களில் பலர் படித்து வைத்திருக்கிறம். காய்ந்த ரோட்டில் அது உண்மையில்லை. போர்மியுலா 1 காரர் 1998 முதல் 2008 வரை உலர் ரயரிலும் தவாளிப்பு இருக்கவேணும் எண்டு ஒரு விதி வைத்திருந்தார்கள். காரணம், கார்களின் வேகத்தைக் குறைப்பது. தவாளிப்பு போட்டால் பிடிமானம் குறையும் எண்டு தெரிந்தே போட்டார்கள். 2009இல் மொட்டை ரயர் திரும்பி வந்தது. அதற்கு மேல், அந்த இறப்பர் மிகவும் மெதுமையானது. 100 பாகை செல்சியஸ் அளவில் சூடாகும்போது ரோட்டில் பசை மாதிரி ஒட்டும்.

மழை வந்தால் கணக்கு தலைகீழ். இப்ப இறப்பர் ரோட்டைத் தொடுவதற்கு முன் நடுவில் இருக்கிற தண்ணியை யாராவது வெளியே அனுப்பவேணும். அதுதான் தவாளிப்பின் வேலை. போர்மியுலா 1க்கு ரயர் கொடுக்கிற பிரெல்லி சொல்லுகிற கணக்கின்படி, நீலக் கோடு போட்ட முழுமழை ரயர் 300 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 85 லீற்றர் வரை தண்ணியை விலக்கும். பச்சைக் கோடு போட்ட இடைநிலை ரயர் 30 லீற்றர். மொட்டை ரயருக்குத் தண்ணி போக வழியே இல்லை. தண்ணி குளிர வைப்பதால் அந்த மெதுமையான இறப்பர் சூடாகவும் முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. மழை ரயரோடு காய்ந்த ரோட்டில் ஓடினால் அதன் துண்டு துண்டான இறப்பர் நெளிந்து, அளவுக்கு மீறிச் சூடாகி, கிழியத் தொடங்கும். மழை விட்ட பிறகு ஓட்டுநர்கள் ரயரைக் குளிர வைக்க ஈரமான இடமாகத் தேடித் தேடி ஓடுவதைப் பார்த்திருப்பீங்கள். ஆக, எல்லா நாளுக்கும் நல்ல ரயர் எண்டு ஒன்று போட்டியில் கிடையாது. இந்த நாளுக்கு நல்ல ரயர் எண்டுதான் உண்டு. நாள் மாறினால் பிட் ஸ்டொப். இரண்டு மூன்று செக்கனில் நாலு ரயரும் மாறிவிடும்.

எங்கட ரோட்டுக்கு வருவம். இங்கே பிட் ஸ்டொப் இல்லை. பரந்தனில் வெயில், மாங்குளத்தில் மழை எண்டால் இரண்டுக்கும் அதே நாலு ரயர்தான். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டு போட்டிக் காரரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவதில்தான் பிழை தொடங்குகிறது.

கடையில் கிடைக்கிற பெர்போமன்ஸ் ரயர்களுக்குள்ளேயும் இந்தக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஒரு பக்கம் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி வீதிக்கெண்டே செய்த ரயர்கள். சுற்றிவர ஆழமான தவாளிப்புகள், இறப்பரோடு சிலிக்கா கலந்த கலவை. 1990களில் மிச்செலின் பெரிய அளவில் கொண்டுவந்த இந்தச் சிலிக்காக் கலவை, ஈர ரோட்டுப் பிடிமானத்தைக் கூட்டிக்கொண்டே உருளும்போது வீணாகிற சக்தியையும் குறைத்தது. மறுபக்கம் பைலட் ஸ்போர்ட் கப் 2, பி ஸீரோ ட்ரொபியோ ஆர் மாதிரி, போட்டிப் பாதையை மனதில் வைத்துச் செய்த ரயர்கள். வீதியில் ஓடச் சட்டப்படி அனுமதி உண்டு. ஆனால் தவாளிப்பு குறைவு, தோள்ப்பக்கம் கிட்டத்தட்ட மொட்டை. காய்ந்த பாதையில் இவற்றை மற்றது பிடிக்கேலாது. தண்ணி தேங்கின இடத்தில் முந்தினதுதான் உங்களைக் காப்பாற்றும். இரண்டும் ஒரே கம்பனி, இரண்டும் "பைலட் ஸ்போர்ட்". பெயரை மட்டும் பார்த்து வாங்கினவருக்கு இந்த வித்தியாசம் முதல் மாரி வரைக்கும் தெரியாது.

அகலமான ரயர் போட்டால் பாதுகாப்பு எண்டு ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. பெரிய அலோய் ரிம், அகல ரயர், கார் பதிந்து நிற்கும், பார்க்க வடிவுதான். ஆனால் அதே காற்றழுத்தத்தில் அகலம் கூடினால் தொடுகிற இடத்தின் பரப்பு பெரிதாகக் கூடாது. அதன் வடிவம் மாறும், நீளம் குறைந்து அகலம் கூடும். அப்ப ரயர் ஒரே நேரத்தில் தள்ளவேண்டிய தண்ணியின் அகலமும் கூடும். தண்ணியைக் கிழித்துக்கொண்டு போகவேண்டிய சாமான், தண்ணியில் மிதக்கிற பலகை மாதிரி வேலை செய்யத் தொடங்கும்.

இந்த மிதப்பு எப்ப தொடங்கும் எண்டதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 1960களில் நாசாவில் வால்ட்டர் ஹோர்ன் எண்டவர் விமானச் சில்லுகள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்தார். அவர் கண்டுபிடித்த தொடர்பின்படி, ரயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சுமார் 16.7ஆல் பெருக்கினால் ரயர் தண்ணியில் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீற்றரில் கிடைக்கும். நாங்கள் கராஜில் "காத்து 32 அடியுங்கோ" எண்டு சொல்லுகிற அதே இலக்கம்தான். 32க்குக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். காற்று இறங்கி 24இல் நின்றால் ஏறத்தாழ 82. தண்ணி நன்றாகத் தேங்கி, தவாளிப்பால் அதை அனுப்ப முடியாமல் போகிற நிலைமைக்கு உரிய கணக்கு இது. மொட்டை ரயருக்கு அந்த நிலைமை மெல்லிய தண்ணியிலேயே வந்துவிடும். அதிவேக வீதியில் எங்களுக்கு அனுமதித்த வேகம் 100. மழை பெய்யேக்க 60க்குக் குறைக்கச் சொல்லுவது ஏன் எண்டு இப்ப விளங்கும்.

ஏபிஎஸ் இருக்குத்தானே எண்டு ஒரு பதில் வரும். ஏபிஎஸ் சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும். இல்லாத உராய்வை அது படைக்காது.

இப்ப என்ர வாதத்தின் நடுப்பகுதி. சாதாரணமாகக் கார் ஓட்டுகிற ஒருவர் பிரேக் பிடிக்கேக்க, வளைவில் திரும்பேக்க, ரயரிடம் கேட்கிற பிடிமானம் மிகக் குறைவு. உராய்வுக் குணகமாகச் சொன்னால் 0.2, 0.3 அளவு. காய்ந்த தார் ரோட்டில் ஒரு சாதாரண ரயரே 0.8 அளவு தரும். ஆகக் காய்ந்த நாளில் எங்களிடம் ஏற்கெனவே மிச்சம் இருக்கிறது. அதற்கு மேல் கூட்டி 1.0 தருகிற ரயருக்குக் காசு கொடுப்பது, நிரம்பின தண்ணித் தொட்டிக்கு இன்னொரு வாளி ஊற்றுகிற மாதிரி. ஈர ரோட்டில் அந்த மிச்சம் உருகிவிடும். நல்ல ரயருக்கும் கூடாத ரயருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுகிற இடத்துக்குள் வரும். மாடு குறுக்கே வந்தால், பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளோடு திரும்பினால், முன்னால் போன பஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 இலிருந்து விற்கிற ரயர்களில் ஒட்டுகிற அட்டையைப் பாருங்கோ. எரிபொருள் சிக்கனம், ஈர ரோட்டுப் பிடிமானம், சத்தம் ஆகியவற்றுக்கான அளவுகள் அதில் இருக்கும். காய்ந்த ரோட்டுப் பிடிமானத்துக்கு அதில் இடமே இல்லை. அமெரிக்காவில் ரயரின் பக்கத்தில் பொறிக்கிற "ட்ராக்ஷன்" தரம், ஏஏ முதல் சி வரை, அதுவும் நனைத்த தாரிலும் கொங்கிறீட்டிலும் நேராகப் பிரேக் பிடித்துப் பார்த்துக் கொடுப்பது. இரண்டு பெரிய சந்தைகளிலும் வாங்குகிறவருக்குச் சொல்லவேண்டிய பிடிமானம் ஈரத்தில்தான் இருக்கிறது எண்டு முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்த ஐரோப்பிய அட்டையோடு சொல்லப்படுகிற கணக்கு ஒன்று: ஈரத்தில் 80 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து நிறுத்தும்போது, மேல்த்தர ரயருக்கும் கீழ்த்தர ரயருக்கும் இடையில் 18 மீற்றர் வரை, அதாவது 30 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். 18 மீற்றர் எண்டால் நாலு கார் நீளம். அதைவிடப் பயப்பட வேண்டிய விஷயம் வேகம். ஒரு கார் 42 மீற்றரில் நிற்கிறது, மற்றது 60 மீற்றரில் நிற்கிறது எண்டு வையுங்கோ. முதல் கார் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கேக்க மற்ற காரின் வேகம் என்ன? பள்ளிக்கூடத்துப் பௌதிகச் சமன்பாட்டைப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீற்றர். பிரேக்கை ஒரே நேரத்தில்தான் மிதித்தார்கள். ஒருவர் நின்றுவிட்டார். மற்றவர் 44இல் வந்து யாரையோ அடிக்கிறார்.

எதிர்வாதங்களுக்கும் வருவம். "யாழ்ப்பாணத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில்தானே, மூன்று மாத மாரிக்காக ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறாய்?" எண்டு கேட்பார்கள். நீண்ட கோடைதான் இதில் பிரச்சினை. மாதக்கணக்கில் ரோட்டில் படிகிற எண்ணெயும் தூசியும் இறப்பர்த் துகளும் முதல் மழையின் தூறலோடு கலந்து சவர்க்காரம் மாதிரி ஆகும். பெரிய மழை வந்து கழுவும் வரைக்கும் ரோடு மோசமாக வழுக்கும். வெயிலில் ஓடி ஓடி எங்கட கையும் காலும் காய்ந்த ரோட்டுக்குப் பழகிப்போய் இருக்கிற நேரத்தில்தான் அது வருகிறது. மலையகத்திலோ கொழும்பிலோ இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஹற்றன் வளைவுகளில் மழை ஒரு விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன்.

"பெர்போமன்ஸ் ரயர் எல்லாம் மழைக்குக் கூடாதோ?" எண்டு இன்னொரு கேள்வி. அப்படிச் சொல்லமாட்டன். வீதிக்கெண்டு செய்த நல்ல பெர்போமன்ஸ் ரயர்கள் ஈரத்திலும் பல மலிவு ரயர்களை விட வெகு நன்றாக நிற்கும். காசு இருக்கிறவர் தாராளமாக வாங்கட்டும். நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் போகிறவர் அதற்கெண்டு வேறு செட் வைத்திருக்கட்டும். அதே செட்டோடு அம்மாவை ஏற்றிக்கொண்டு மழைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கோ எண்டுதான் சொல்லுறன்.

மூன்றாவது எதிர்வாதம்தான் எனக்குக் கனமானது: காசு. 2020இல் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் எல்லாம் விலை ஏறியது. பழைய வாகனத்தை ஓட்டி ஓட்டித்தான் சனம் சமாளித்தது, ரயரையும் அப்படித்தான். தேய்ந்த ரயரைக் காட்டி "இது எங்கட ஸ்லிக், போர்மியுலா 1 ரயர்" எண்டு பகிடி விட்டதும் அந்த நாட்களில்தான். பகிடி நல்லது. ஆனால் போட்டியின் ஸ்லிக் மெதுமையான இறப்பர், சூடாக ஓடுவது, மழை வந்தால் கழற்றுவது. எங்கட மொட்டை ரயர் வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து இறுகின இறப்பர். அதற்கு ஸ்லிக்கின் நன்மை ஒன்றும் கிடையாது, தீமை முழுக்க உண்டு. மழை வந்தாலும் கழற்ற ஆளில்லை.

ஏழை மனிசனைப் பார்த்து "ஏன் புது ரயர் போடவில்லை" எண்டு கேட்க எனக்கு விருப்பமில்லை. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ரிம்மின் வடிவுக்கும் பெயருக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, ஈரத்தில் அது எப்படி எண்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் வருகிற எங்கட வயதுக்காரரைப் பார்க்கேக்க. கேட்டாலும் பதில் தெரியாத கடைக்காரரைப் பார்க்கேக்க. ரயர் விற்கிற இடத்தில் ஈரப் பிடிமானத் தரத்தை எழுதி வைக்கச் சொல்லி ஒருத்தரும் வற்புறுத்தாத நிலைமையைப் பார்க்கேக்க. பிஸ்கற் பக்கற்றிலும் என்ன கலந்திருக்கு எண்டு எழுதவேணும். ரயருக்கு ஏன் இல்லை?

காசு இல்லாமலும் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை காற்றைப் பாருங்கோ, 24க்கும் 32க்கும் உள்ள வித்தியாசத்தை மேலே பார்த்தனீங்கள். தவாளிப்புக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். இறப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர். ஐரோப்பாவில் அதுதான் சட்டத்தின் கடைசி எல்லை. ஜேர்மனியின் வாகனச் சங்கமான ஏடிஏசி அதுவரைக்கும் பொறுக்காமல் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றச் சொல்லுகிறது. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. பாவித்த ரயர் வாங்கப் போனால் முதலில் இதைத் தேடுங்கோ. இரண்டு ரயர் மாற்றத்தான் வசதி எண்டால் புதிய இரண்டையும் பின்னுக்குப் போடுங்கோ. முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியறிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும், பெரும்பாலான ஆக்களால் பிடிக்கேலாது.

புது ரயர் வாங்குகிற வசதி இருக்கிறவருக்குச் சொல்ல ஒண்டுதான் இருக்கு. கடைக்காரர் பெயரைச் சொல்லுவார், விலையைச் சொல்லுவார், "நல்ல கிறிப் தம்பி" எண்டும் சொல்லுவார். "மழைக்கு எப்படி அண்ணை? தரம் என்ன போட்டிருக்கு?" எண்டு கேளுங்கோ. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்ல அவரே தேடிப் படித்து வைத்திருப்பார். இந்த வருஷ மாரிக்கு முன்னம் கேட்டால் நல்லம்.